சர்க்கரை இருக்கிறதா? கண்ணுக்குக் கீரை மட்டும் போதாது!

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் என்ன நடக்கிறது? காபியில் சர்க்கரை நிற்கும். தட்டில் சாதம் குறையும். அடுத்த வாரமே சொந்தக்காரர் ஒருவர் ஃபோன் செய்வார். "கண்ணைப் பத்திரமா பார்த்துக்கோங்க. தினம் பொன்னாங்கண்ணி சேர்த்துக்கோங்க" என்பார். நல்ல யோசனைதான். கீரைக்காரம்மாவிடம் தினம் ஒரு கட்டு வாங்க ஆரம்பித்துவிடுவீர்கள். கூடவே காலையில் நெல்லிக்காய்ச் சாறு, பதினொரு மணிக்குக் கேரட் ஜூஸ், நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பொடி, மெடிக்கல் ஷாப்பிலிருந்து 'கண்ணுக்கு நல்லது' என்று ஒரு மாத்திரை டப்பா.

இவற்றில் எது கண்ணுக்கு உதவும்? எது வெறும் செலவு? எது கெடுதலே செய்துவிடும்? இந்தக் கேள்விகளோடு என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சித்த மருத்துவர் சொல்கிறாரே என்று ஆச்சரியப்படாதீர்கள். உணவும் மூலிகையும் சர்க்கரை நோயாளியின் கண்ணுக்கு நல்ல துணை. ஆனால் காவல் அல்ல. காவல் வேறு மூன்று இருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருப்பது ஒன்று. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பது இரண்டு. வருடத்துக்கு ஒரு முறை கண்மணியை விரித்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை மூன்று. துணையை நம்பிக் காவலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

வலிக்காத நோய்

கண்ணின் உள்பக்கச் சுவரில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. டாக்டர்கள் ரெட்டினா என்று சொல்லும் விழித்திரை இதுதான். நாம் பார்க்கும் காட்சி விழுவது இதன் மேல்தான். இதற்கு உணவு கொண்டுவரும் ரத்தக் குழாய்கள் தலைமுடியை விட மெல்லியவை.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக ஓடினால் இந்தக் குழாய்களின் சுவர் நலிந்துபோகும். பழைய வீட்டில் உப்புத் தண்ணீர் ஓடி ஓடி இற்றுப்போன குழாய் மாதிரி, அங்கங்கே புடைக்கும். பிறகு கசியும். நீரும் கொழுப்பும் விழித்திரையில் தேங்கும். சில குழாய்கள் அடைத்தே போகும். ரத்தம் கிடைக்காத இடம், "எனக்குப் புதுக் குழாய் வேண்டும்" என்று உடம்பைக் கேட்கும். உடம்பும் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். ஆனால் அவை சோனிக் குழாய்கள். எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம். விழித்திரையையே பிடித்து இழுத்துப் பிய்க்கவும் செய்யலாம்.

இத்தனையும் நடக்கும்போது வலிக்குமா? வலிக்காது. கண் சிவக்காது. நீர் வடியாது. விழித்திரையின் நடுவே கூர்மையான பார்வைக்கென்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. பாதிப்பு அந்த இடத்தைத் தொடும்வரை பார்வைகூடக் குறையாது.

நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. சென்னை நகரில் நடந்து, 2005-லும் 2009-லும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதைக் கண்டன. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். அந்த ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

"பேப்பர் நல்லாத்தான் படிக்கிறேன்..."

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சர்க்கரை வந்து பதினொரு வருடம். சாப்பாட்டில் ரொம்ப ஒழுங்கு. வாரத்தில் ஐந்து நாள் கீரை. தோட்டத்தில் அவரே கரிசலாங்கண்ணி வளர்த்தார். ஒவ்வொரு முறை வரும்போதும், "கண் டாக்டரைப் பார்த்தீங்களா, சார்?" என்று கேட்பேன். "பேப்பர் நல்லாத்தான் படிக்கிறேன் டாக்டர். கீரை சாப்பிடறவனுக்குக் கண்ணுல என்ன வரும்?" என்று சிரிப்பார்.

ஒரு நாள் காலையில் வலது கண்ணில் கறுப்பு நூல் தொங்குவதுபோலத் தெரிந்திருக்கிறது. பித்தம் என்று நினைத்து இரண்டு நாள் நெல்லிக்காய்த் தண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கண்ணுக்குள் ரத்தக் கசிவு. இடது கண்ணிலும் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. ஆனால் கசியவில்லை. லேசர் வைத்து அந்தக் கண்ணைக் காப்பாற்றினார்கள். வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தும் பழைய பார்வை முழுசாகத் திரும்பவில்லை.

கீரை அவருக்குக் கெடுதல் செய்ததா? இல்லவே இல்லை. கீரை கொடுத்த தைரியம்தான் கெடுதல் செய்தது. இரண்டு வருடம் முன்பே விழித்திரையைப் பார்த்திருந்தால் இரண்டு கண்ணுக்கும் நேரம் இருந்திருக்கும்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

சித்த நூல்கள் கண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் நோய்களை 96 என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். பித்தத்தின் ஐந்து வகைகளில் ஒன்று கண்ணில் இருந்து பார்வையை நடத்துகிறது என்று சொல்லி, அதற்கு 'நோக்கழல்' என்று அழகான பெயரும் வைத்திருக்கிறார்கள். நீரிழிவை மதுமேகம் என்றார்கள். அது உடலின் தாதுக்களை ஒவ்வொன்றாகக் கரைக்கும் நோய் என்றும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் காலத்தில் விழித்திரையைக் கண்ணால் பார்க்கும் கருவி இல்லை. உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்க உதவும் கருவியை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி உருவாக்கியது 1851-ல்தான். நாடி பார்த்தோ, நாக்கைப் பார்த்தோ, கண்ணின் வெளிப்புறத்தைப் பார்த்தோ உள்ளே ரத்தம் கசிகிறதா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கண் பரிசோதனைச் சீட்டைக் கேட்கிறேன்.

தட்டில் என்ன இருக்கட்டும்?

இப்போது சமையலறைக்கு வருவோம்.

கீரைகள்: பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, கரிசலாங்கண்ணி எல்லாமே நல்லவை. விழித்திரையின் நடுப்பகுதியை டாக்டர்கள் 'மஞ்சள் புள்ளி' என்பார்கள். அந்த மஞ்சள் நிறத்தைத் தருபவை லூட்டின், ஸியாஸாந்தின் என்ற இரண்டு சத்துக்கள். இவற்றை நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். கரும்பச்சைக் கீரைகளில் லூட்டின் நிறைய இருக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவிலும் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் பொன்னாங்கண்ணியைக் கண்ணோடு சேர்த்துப் பேசியதில் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் சமைக்கும் முறை முக்கியம். இந்தச் சத்துக்கள் எண்ணெயில்தான் கரையும். எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிட்டால் பாதி வீண். ஒரு கட்டுக் கீரையை அலசிப் பொடியாக நறுக்கி, ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பு, பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, சீரகம் சேர்த்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். இறக்கும்போது ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம், வாரத்தில் நாலு நாள். மற்ற நாளில் வேறு காய். கீரையில் சர்க்கரையை ஏற்றும் சரக்கு மிகக் குறைவு, நார்ச்சத்து அதிகம். அதனால் சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் கீரையை வைத்தால் இரட்டை லாபம். சாதத்தைக் குறைக்காமல் அதற்கு மேல் கீரையைச் சாப்பிட்டால் அந்த லாபம் கிடைக்காது.

இரண்டு பேர் மட்டும் கவனம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கீரையின் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சர்க்கரையில் கண்ணும் சிறுநீரகமும் பல சமயம் ஜோடியாகவே பாதிக்கப்படும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அடுத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாத்திரையின் வேலை மாறிவிடும்.

நெல்லிக்காய்: பெரிய நெல்லிக்காய் ஒன்று தினம் சாப்பிடலாம். வைட்டமின் சி ஏராளம். கடித்துச் சாப்பிட்டால் நல்லது. துவையல், பச்சடி, சாம்பாரில் போட்டும் சாப்பிடலாம். ஆனால் 'தேன் நெல்லி' வேண்டாம். நெல்லிக்காய் லேகியமும் வேண்டாம். லேகியம் என்றாலே அதில் வெல்லமோ சர்க்கரையோ கருப்பட்டியோ இருக்கும். "கருப்பட்டி நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்காத ஆள் இல்லை. சர்க்கரை நோயாளிக்கு வெல்லம், கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாம் ஒரே குடும்பம்தான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாமல் விடாது.

கேரட்: வைட்டமின் ஏ குறைவினால் வரும் மாலைக்கண்ணுக்குக் கேரட்டும் முருங்கைக்கீரையும் பப்பாளியும் அருமருந்து. ஆனால் சர்க்கரையால் வரும் விழித்திரை பாதிப்பு வைட்டமின் ஏ குறைவினால் வருவதல்ல. அதனால் கேரட் கிலோ கணக்கில் சாப்பிட்டாலும் கசிவு நிற்காது. கேரட்டைப் பொரியலாகவோ பச்சையாகவோ சாப்பிடுங்கள். ஜூஸ் வேண்டாம். ஒரு டம்ளர் ஜூஸுக்கு நாலைந்து கேரட் போகும். சக்கையோடு நார்ச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இனிப்பை மட்டும் குடிப்பதில் என்ன லாபம்?

மீன்: அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஸ்பெயின் நாட்டில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் இரண்டு முறையாவது எண்ணெய்ச் சத்துள்ள மீன் சாப்பிடும் அளவுக்கு ஒமேகா-3 எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்குப் பார்வையைப் பறிக்கும் விழித்திரை பாதிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. மீன்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நம் ஊர் மத்தியும் கானாங்கெளுத்தியும் அந்த வகை மீன்கள்தான். விலையும் வஞ்சிரம் அளவுக்கு இல்லை. குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் நன்மை போய்விடும். கருவாடு வேண்டாம். அதில் இருக்கும் உப்பு ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. சைவக்காரர்கள் தினம் ஒரு ஸ்பூன் ஆளி விதையை வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். மீனுக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல பழக்கம்.

கஞ்சியும் கூழும்: "அரிசியை விட்டுட்டேன் டாக்டர், மூணு வேளையும் கேழ்வரகுக் கஞ்சிதான்" என்பவர்கள் பலர். சிறுதானியம் நல்லதுதான். ஆனால் எதையும் மாவாக்கி, நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் செரித்து வேகமாகச் சர்க்கரையாகிவிடும். கஞ்சியைவிட அடை, ரொட்டி, முழுத் தானியச் சோறு மேல். அளவும் கட்டாயம். கேழ்வரகும் மாவுச்சத்துதான், மறந்துவிடாதீர்கள்.

ஒரு நாள் சாப்பாடு

ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். வயது, வேலை, மாத்திரை, இன்சுலினைப் பொறுத்து அளவு மாறும்.

காலையில் மூன்று இட்லி, நிறைய காய் போட்ட சாம்பார், கறிவேப்பிலைத் துவையல். அல்லது முழுப் பச்சைப்பயறு அரைத்து வார்த்த இரண்டு தோசை. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டை.

பதினொரு மணிக்கு மோர். அல்லது ஒரு கொய்யாப்பழம்.

மத்தியானம் தட்டை மனசுக்குள் நாலாகப் பிரியுங்கள். இரண்டு பங்கு கீரையும் காயும். ஒரு பங்கு பருப்பு, பயறு அல்லது மீன். மீதி ஒரு பங்குதான் சாதம். முதலில் காயைச் சாப்பிடுங்கள், கடைசியில் சாதம்.

சாயங்காலம் சுண்டல் ஒரு கிண்ணம். பிஸ்கெட், மிக்சர் வேண்டாம். சர்க்கரை இல்லாத பிஸ்கெட் என்று விற்பதிலும் மைதா இருக்கும்.

ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தி, காய்க் கூட்டு. இரவில் கீரை வேண்டாம் என்பது சித்த மரபு. சாப்பிட்ட பின் பதினைந்து நிமிஷம் நடங்கள்.

உப்பு, ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் போகக் கூடாது. ஊறுகாய், அப்பளம், வத்தல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மூலிகைகள்: துணைக்கு எதுவரை?

வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான், நாவற்கொட்டை, ஆவாரம்பூ, ஆவாரைக் குடிநீர்... இவை சர்க்கரைக்கென்று சித்த மருத்துவத்தில் நெடுநாளாகப் பயன்படுபவை. சிலவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் இருப்பது ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. ஆனால் இவற்றில் எதுவும் விழித்திரையில் கசிந்த ரத்தத்தை நிறுத்தும் என்றோ, புதுக் குழாய்களை வாடவைக்கும் என்றோ நிரூபணம் ஆகவில்லை. கண்ணுக்கு இவை உதவ முடிந்தால், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும் வழியாகத்தான்.

இன்னொன்று. நீங்கள் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, அதோடு சிறுகுறிஞ்சான் பொடியையும் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். ஆகவே எந்த மூலிகை எடுத்தாலும் இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள். "அவர் திட்டுவாரே" என்று மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

திரிபலா சூரணம் (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்) கண்ணுக்கு நல்லது என்று மரபில் பெயர் பெற்றது. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நிச்சயம் உதவும். வைத்தியர் சொன்ன அளவில் சாப்பிடலாம். விழித்திரை மருந்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கும்போது டப்பாவைப் பாருங்கள். தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இல்லாத பொடியைத் தொடாதீர்கள். பேரில்லாத சில 'மூலிகை'ப் பொடிகளில் ஆங்கில மருந்தைக் கலந்து விற்பது பிடிபட்டிருக்கிறது. "சர்க்கரையை அடியோடு ஒழிக்கும்", "கண்புரையைக் கரைக்கும்" என்று விளம்பரம் வந்தால் பக்கத்தைத் திருப்புங்கள். சர்க்கரை, கண்புரை, பார்வையிழப்பு ஆகியவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்தை மீறி விளம்பரம் செய்கிறவர் உங்கள் கண்ணைப் பற்றியா கவலைப்படப்போகிறார்?

கண் மாத்திரை வாங்கலாமா?

லூட்டின், துத்தநாகம், வைட்டமின் சி, ஈ கலந்த மாத்திரைகள் கடைகளில் நிறைய. விலையும் கொஞ்சமல்ல. இவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை அமெரிக்காவில் நடந்து 2001-லும் 2013-லும் முடிவு வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள். அந்த ஆய்வுகள் செய்யப்பட்டது வயதானவர்களுக்கு மஞ்சள் புள்ளி தேய்கிற நோய்க்காக. சர்க்கரையால் வரும் விழித்திரை பாதிப்புக்காக அல்ல. இரண்டும் வேறு வேறு நோய். ஆகவே கண் டாக்டர் உங்களைப் பார்த்து எழுதித் தந்தால் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதியதை நீங்கள் வாங்க வேண்டாம். முக்கியமாக, புகைப்பவர்களும் புகைத்து விட்டவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடக் கூடாது. நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கீரையிலும் கேரட்டிலும் இருப்பதற்கு இந்தப் பயம் இல்லை.

அந்த மாத்திரைக் காசை எங்கே போடலாம்? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 7 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம் நடந்து 1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகை உள்ளவர்களிடம் நடந்து 1998-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ரத்த அழுத்தத்தைக் கறாராகக் குறைத்தபோது விழித்திரை பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. இந்த அளவு பலனை எந்தக் கீரையும் எந்த மாத்திரை டப்பாவும் இதுவரை காட்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. நெடுநாள் எகிறிக் கிடந்த சர்க்கரையைத் திடுதிப்பென்று இறக்கினால், ஏற்கெனவே பாதிப்புள்ள கண் சிலருக்குக் கொஞ்ச நாள் மோசமாகலாம். அதற்காகச் சர்க்கரையைக் குறைக்காமல் இருக்கக் கூடாது. சிகிச்சையை மாற்றும் முன்பு கண்ணைக் காட்டிவிடுங்கள்.

கண்ணில் எதையும் விடாதீர்கள்

தேன், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு... கண்ணில் விட்டுக்கொண்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். வீட்டில் காய்ச்சிய திரிபலா நீரால் கண்ணைக் கழுவுகிறவர்களும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று எளிதில் பிடிக்கும். கருவிழியில் புண் வந்தால் ஆறுவதும் தாமதம். ஆபரேஷன் செய்த கண் என்றால் அபாயம் இன்னும் அதிகம். கண்ணில் இடும் கலிக்கம் சித்த மருத்துவத்தில் இருக்கிறது என்பது உண்மை. அது பயின்ற மருத்துவர் சுத்தமாகச் செய்து, நோய் அறிந்து இடுவது. அடுப்பங்கரை வேலை அல்ல. நீங்கள் விடும் சாறு கண்ணின் மேல்பரப்போடு சரி. உள்ளே கசியும் குழாயை அது தொடவே தொடாது.

பரிசோதனை எப்படி இருக்கும்?

கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படிக்கச் சொல்வது விழித்திரைப் பரிசோதனை அல்ல. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் உள்ளே பார்ப்பார்கள். படமும் எடுப்பார்கள். வலி இல்லை. சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். அதனால் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், கண்டுபிடித்த உடனேயே முதல் பரிசோதனை. ஏன்? சர்க்கரை பல வருடம் தெரியாமல் இருந்திருக்கலாம். சிறு வயதில் வரும் முதல் வகை என்றால், வந்து ஐந்து வருடத்துக்குள். பிறகு வருடம் ஒரு முறை. பாதிப்பு இருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைக் காட்ட வேண்டும். கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமாக வளரக்கூடும்.

பாதிப்பு இருந்தால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன. "கண்ணுல ஊசியா?" என்று பதறாதீர்கள். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள். இந்தச் சிகிச்சைகள் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காப்பாற்றுபவை. போன பார்வையை முழுசாகக் கொண்டுவருவது கஷ்டம். அதனால்தான் முன்கூட்டியே போகச் சொல்கிறேன்.

புதுக் குழாய்கள் முளைத்திருப்பதாக டாக்டர் சொன்னவர்கள் சிரசாசனம், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, பளு தூக்குவது ஆகியவற்றை நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள். மெதுவான நடை நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் மாறும். ஒரு வாரம் தெளிவு, ஒரு வாரம் மங்கல் என்று இருக்கும். அந்தச் சமயத்தில் புதுக் கண்ணாடி வாங்கினால் வீண். சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு பவர் பாருங்கள்.

அன்றைக்கே ஓட வேண்டியது எப்போது?

கண் முன்னே திடீரென்று கறுப்புப் புள்ளிகள், நூல்கள், கொசுக்கள் பறப்பதுபோலத் தெரிந்தால். மின்னல் வெட்டுவதுபோல இருந்தால். ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல மறைத்தால். ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தால். ஒரு கண்ணில் பார்வை சட்டென்று குறைந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் பித்தம், சூடு என்று வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கண் மங்குவது மற்றொரு கண் நன்றாக இருப்பதால் தெரியாமலே போகும். வாரம் ஒரு நாள், ஒரு கண்ணைக் கையால் மூடி மறு கண்ணால் காலண்டர் எழுத்தைப் பாருங்கள். பரிசோதனைக்கு இது மாற்று அல்ல, ஒரு எச்சரிக்கை மணி.

வாசகர்களே, பொன்னாங்கண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். நெல்லிக்காயும் மீனும் சுண்டலும் உங்கள் தட்டில் இருக்கட்டும். சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஆனால் கடைசியாகக் கண்மணி விரித்துப் பரிசோதித்த தேதி எது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நினைவுக்கு வரவில்லையா? வீட்டிலிருக்கும் சர்க்கரை நோயாளிகள் ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால், கீரை வாங்கப் பணம் எடுக்கும்போதே கண் டாக்டரிடம் நாள் குறிக்க ஃபோனையும் எடுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள்.